ஐந்து டாலர் வால்வு நிறுத்திய இருபது ஆலைகள்

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே தயாரானது 'பி வால்வு' என்ற பிரேக் பாகம். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை அளவாக வைத்து, வண்டி வழுக்காமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கையில் அடங்கும். விலை ஏறத்தாழ ஐந்து டாலர்.

டொயோட்டாவுக்கு வேண்டிய பி வால்வுகளில் 99 சதவீதம் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் தீயில் போயின. டொயோட்டா, சரக்கைக் குவித்து வைக்காமல் வேண்டிய நேரத்துக்கு வரவழைத்துக்கொள்ளும் முறைக்குப் பேர்போனது. பெரும்பாலான ஆலைகளில் இந்த வால்வின் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. சில நாட்களுக்குள் ஜப்பானில் நாளொன்றுக்குச் சுமார் 14,000 கார்களைச் செய்துகொண்டிருந்த டொயோட்டாவின் 20 ஆலைகளும் நின்றுவிட்டன. என்ஜின் இருந்தது, பாடி இருந்தது, டயர் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஒரு வால்வு இல்லை.

உற்பத்தித் தொழிலில் சப்ளையரைச் சார்ந்திருப்பதன் ஆபத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பெரும்பாலானவர்கள் ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அதிகப் பணம் போகும் பொருளைக் கவனிக்கிறார்கள்: எஃகு, செம்பு, பெரிய மோட்டார், வெளிநாட்டு இயந்திரம். அவற்றின் சப்ளையரோடு மேலாளர் மாதம் ஒருமுறை பேசுகிறார், விலையைப் பார்க்கிறார், மாற்று ஆளையும் கைவசம் வைத்திருக்கிறார். ஆனால் உற்பத்தி லைனை நிறுத்துவது பெரும்பாலும் யாரும் பெயர்கூட நினைவில் வைத்திராத சிறு பாகம்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவியும் அவருடைய குழுவினரும் ஃபோர்டு நிறுவனத்தின் சப்ளையர்களை இப்படி ஆராய்ந்தார்கள்: ஒவ்வொரு சப்ளையர் ஆலையும் சில வாரங்கள் நின்றால் ஃபோர்டுக்கு எவ்வளவு நட்டம்? விடையில் வந்த சங்கதி முக்கியமானது. மிகப் பெரிய அடியைக் கொடுக்கக்கூடிய சப்ளையர்கள் பலரிடம் ஃபோர்டு ஆண்டுதோறும் செலவிட்ட தொகை மிகச் சிறியது. பணம் எங்கே போகிறது என்பதும் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் வேறு வேறு கணக்குகள்.

அவர்கள் சொன்ன கணக்கு முறை எளிமையானது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையும் அதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு எண்கள் போதும். ஒன்று தாங்கும் காலம்: ஒரு பாகம் இன்று வராமல் நின்றால், கையில் இருக்கும் ஸ்டாக்கை வைத்து எத்தனை நாள் லைனை ஓட்ட முடியும்? இன்னொன்று மீளும் காலம்: அந்தச் சப்ளையர் திரும்ப எழுந்து நிற்கவோ, வேறு ஒருவர் அந்தப் பாகத்தைச் செய்து நம் சோதனையில் தேறவோ எத்தனை நாள் ஆகும்? மீளும் காலம் தாங்கும் காலத்தைவிட நீண்டால், அந்த வித்தியாசம்தான் ஆலை மூடிக்கிடக்கும் நாட்கள்.

கோயம்புத்தூரில் நீர்மூழ்கிப் பம்ப் செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பம்ப்பின் மெக்கானிக்கல் சீல் ஒரே ஒரு வெளிநாட்டு ஆலையிலிருந்து வருகிறது. கையிருப்பு 20 நாளுக்கு. வேறு சீல் போட வேண்டுமென்றால் சாம்பிள் வாங்கி, பம்ப்பில் பொருத்தி, தண்ணீருக்குள் ஓடவிட்டுச் சோதித்து, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் பெற்று, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்துசேர 90 நாள். ஆக 70 நாள் பம்ப் வெளியே போகாது. சம்பளம், வட்டி, வாடகை எல்லாம் போய்க்கொண்டிருக்கும். கோடைக்காலமாக இருந்தால் அந்த ஆண்டின் வியாபாரமே கைநழுவிவிடும். சீலின் விலை பம்ப்பின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இரண்டு சப்ளையர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். ஒரே சப்ளையரிடம் போகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்கோ வார்ப்புப் பாகத்துக்கோ டை எனும் அச்சைச் செய்யவே பல லட்சம் ஆகும்; இரண்டு இடத்தில் செய்தால் செலவு இரட்டிப்பு. ஆர்டரை இரண்டாகப் பிரித்தால் இருவரிடமும் விலை ஏறும். இரண்டு இடத்திலிருந்து வரும் பாகம் நூலிழை வேறுபட்டாலும் லைனில் தகராறு வரும். ஒருவரிடமே நெடுநாள் வாங்கினால் அவர் நமக்காக முதலீடு செய்வார், தரத்தை உயர்த்துவார். இவை எல்லாம் உண்மை. டொயோட்டாவும் ஐசினிடம் போனது விலையும் தரமும் பார்த்துத்தான்.

தவறு ஒரே சப்ளையரிடம் வாங்குவதில் இல்லை. எந்தெந்தப் பாகத்துக்கு அப்படி வாங்குகிறோம், அதில் எத்தனை நாள் ஆபத்தைச் சுமக்கிறோம் என்று எழுதி வைக்காமல் வாங்குவதுதான் தவறு. அறிந்து ஏற்ற ஆபத்துக்கு ஸ்டாக் வைக்கலாம், காப்பீடு எடுக்கலாம். அறியாமல் சுமப்பதற்கு எதுவும் செய்ய முடியாது.

தீ அணைந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் சிறந்த பகுதி அதுதான். ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சப்ளையர்கள், அவர்களுக்குக் கீழே இருந்த சிறு பட்டறைகள் என்று 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் களமிறங்கின. தனி இயந்திரங்கள் இல்லாததால், கையில் இருந்த பொது இயந்திரங்களிலேயே வால்வைக் கடைந்தார்கள். தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம், அதுவரை கார் பாகமே செய்திராதது, அதுவும் வால்வு செய்து கொடுத்தது. என்ன விலை, யார் பணம் தருவார் என்று முதலில் யாரும் பேரம் பேசவில்லை. தீப்பிடித்து ஐந்தே நாளில் டொயோட்டாவின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஏறக்குறைய 70,000 கார்களின் உற்பத்தி தடைபட்டது. பல வாரம் ஆகும் என்று வல்லுநர்கள் கணித்திருந்த நிலையில் இது பெரிய மீட்சி. பிறகு டொயோட்டா தன் நேரடிச் சப்ளையர்களுக்கு நன்றித் தொகையாக 1,500 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தது.

அந்த 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் ஓடிவந்ததற்கு எந்த ஒப்பந்தமும் காரணமில்லை. அவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக நியாயமாக நடத்தப்பட்டவர்கள். நம் ஊரில் இதற்கு நேரெதிரான காட்சியைப் பார்க்கிறோம். சிறு பட்டறைக்குத் தர வேண்டிய பில்லை 90 நாள், 120 நாள் என்று இழுத்தடிக்கும் பெரிய நிறுவனங்கள் ஏராளம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உரிய காலத்தில் தராவிட்டால் அந்தத் தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டி வருமான வரிக்கழிவு பெற முடியும் என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். தன் ஒரே சப்ளையரின் பணத்தை முடக்கி வைப்பவர், தன் லைனை நிறுத்தும் ஆபத்தைத் தன் கையாலேயே வளர்க்கிறார். வங்கிக் கடனில் மூழ்கி ஒரு பட்டறை மூடப்பட்டாலும், தீப்பிடித்து மூடப்பட்டாலும், வாங்குபவருக்குப் பாகம் வராது.

சப்ளையர் கோபத்தில் நிறுத்துவதும் உண்டு. 2016 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு சீட் கவரும் கியர்பாக்ஸ் வார்ப்புகளும் கொடுத்துவந்த இரண்டு நிறுவனங்கள், ஒப்பந்தத் தகராறில் சரக்கை நிறுத்தின. இரண்டும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. வோல்ஃப்ஸ்பர்க்கில் கோல்ஃப் கார் உற்பத்தி நின்றது; பல ஆலைகளில் ஏறத்தாழ 28,000 தொழிலாளர்களின் வேலை பாதிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றைச் சீட் கவர் செய்பவரால் மண்டியிட வைக்க முடிந்தது.

தகவல் எவ்வளவு விரைவாகச் சேருகிறது என்பதும் பெரிய விஷயம். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைந்த சிறு தீ. ஆனால் தூசுக்கே இடமில்லாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அந்த ஆலையின் ஆர்டர்களில் சுமார் 40 சதவீதம் நோக்கியா, எரிக்சன் என்ற இரு கைபேசி நிறுவனங்களுடையது. ஒரு வாரம் தாமதமாகும் என்று பிலிப்ஸ் இருவருக்கும் ஒரே மாதிரி சொன்னது.

நோக்கியா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் விசாரித்தது, நிலைமை பல வாரங்களுக்கு இழுக்கும் என்று சீக்கிரமே புரிந்துகொண்டது. அதன் தலைவரே பிலிப்ஸ் தலைவரிடம் நேரில் பேசினார். பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலிருந்து சிப் வந்தது. சில சிப்களின் வடிவமைப்பை மாற்றி வேறு சப்ளையர்களிடமும் வாங்கினார்கள். எரிக்சனிலோ செய்தி கீழ்மட்டத்திலேயே பல நாள் தங்கிவிட்டது. மேலிடம் விழித்தபோது உபரி சிப் எல்லாம் நோக்கியாவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. செலவைக் குறைப்பதற்காக மாற்றுச் சப்ளையர்களை எரிக்சன் முன்பே கைவிட்டிருந்தது. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது. 2001 ஜனவரியில், கைபேசிகளைத் தானே உற்பத்தி செய்வதை நிறுத்துவதாக எரிக்சன் அறிவித்தது. அதே ஆண்டு சோனியுடன் கூட்டு நிறுவனம் தொடங்கியது. எரிக்சனின் சரிவுக்குத் தீ மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை; அதன் கைபேசிகளும் அப்போது சந்தையில் சரியாகப் போகவில்லை. ஆனால் ஒரே தீ, ஒரே செய்தி, இரண்டு நிறுவனங்கள் என்று வரும்போது, யார் உடனே கேள்வி கேட்டார்கள் என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. உங்கள் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் இளைஞர் கெட்ட செய்தியை அன்றைக்கே முதலாளியிடம் சொல்லத் துணிவாரா? இதை எந்த மென்பொருளும் தீர்த்து வைக்காது.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. இரண்டு சப்ளையர் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தன. ஹிட்டாச்சிநாகாவில் இருந்த ரெனெசாஸ் நிறுவனத்தின் சிப் ஆலை நின்றது. கார்களின் என்ஜினையும் பிரேக்கையும் கட்டுப்படுத்தும் சிப்களில் உலக அளவில் சுமார் 40 சதவீதத்தைச் செய்த நிறுவனம் அது. கார் கம்பெனிகள் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இரண்டு மூன்று சப்ளையர்களிடம் பிரித்துத்தான் வாங்கிவந்தன. தோண்டிப் பார்த்தால் அந்தச் சப்ளையர்கள் பலரும் ரெனெசாஸிடம் சிப் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே விரிந்து தெரிந்த வலை, கீழே போகப் போக ஒரே முடிச்சில் வந்து நின்றது.

அதே பூகம்பத்தில் இன்னொன்று நடந்தது, கேட்டால் நம்பக் கடினம். காருக்கு மின்னும் பளபளப்பைத் தரும் 'சிராலிக்' என்ற நிறமியை உலகிலேயே ஒரே ஓர் ஆலைதான் அப்போது செய்தது: ஃபுகுஷிமாவின் ஒனஹாமாவில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்துக்கு இருந்த ஆலை. அது நின்றதும், அமெரிக்காவில் ஃபோர்டு குறிப்பிட்ட கறுப்பு, சிவப்பு வண்ணக் கார்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று டீலர்களிடம் சொன்னது. ஃபோர்டு பெயின்ட் வாங்கியது பெயின்ட் கம்பெனிகளிடம். ஒனஹாமாவோடு அதற்கு நேரடி வியாபாரம் இல்லை. மெர்க் பிறகு ஜெர்மனியிலும் அந்த நிறமியைச் செய்ய ஏற்பாடு செய்தது.

இந்தப் பூகம்ப அனுபவத்துக்குப் பிறகு டொயோட்டா, தன் சப்ளையருக்குச் சப்ளையர் யார், அவருக்கு யார் என்று அடிவரை எழுதிவைக்கும் தகவல் தொகுப்பை உருவாக்கியது. சிப் போன்ற பொருட்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரையான கையிருப்பை வைத்துக்கொள்ளும்படி சப்ளையர்களைக் கேட்டது. கையிருப்பே கூடாது என்ற முறையைக் கண்டுபிடித்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு அந்த முறை ஒத்துவராது என்று பிரித்துப் பார்த்தது. 2021-இல் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாட்டில் கார் ஆலைகள் நின்றபோது டொயோட்டா முதல் பல மாதங்கள் மற்றவர்களைவிடச் சமாளித்ததற்கு இது காரணம். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவிப் பாக ஆலைகள் மூடப்பட்டதும், அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது. 2022 மார்ச் 1 அன்று, பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா என்ற சப்ளையரின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியதால் ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஒரு நாள் நின்றன. எவ்வளவு கவனமாக இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. கவனமாக இருப்பவர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார், அவ்வளவே.

இரண்டு சப்ளையரும் ஒரே இடத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின் இன்னொரு வடிவம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் மூழ்கின. ஒரே தொழிற்பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரண்டு வெண்டர்களைக் காகிதத்தில் இரண்டு என்று எழுதலாம். வெள்ளம் வந்தால் அவர்கள் ஒருவர்தான்.

நாடே ஒற்றைச் சப்ளையராக மாறும்போது தனி நிறுவனம் செய்யக்கூடியது குறைவு. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. இவ்வகைக் காந்தங்களில் உலக உற்பத்தியின் சுமார் 90 சதவீதம் சீனாவுடையது. மின்வாகன மோட்டாரின் உயிர் இந்தக் காந்தம். சூட்டில் வலுவிழக்காமல் இருக்க அதில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சிறிதளவு சேர்க்கிறார்கள். அடுத்த மாதமே சிகாகோவில் ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் ஆலை ஒரு வாரம் மூடியது. இந்தியாவில் பஜாஜ் ஆட்டோ, ஆகஸ்டில் மின் ஸ்கூட்டர் உற்பத்தியே நின்றுபோகலாம் என்று எச்சரித்தது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் டி.வி.எஸ்., ஏத்தர், ஓலா என்று மின் ஸ்கூட்டர் செய்யும் தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் அரிய மண் தனிமங்களைத் தரும் மோனசைட் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம் அங்கே பல பத்தாண்டுகளாக மணல் எடுக்கிறது. அந்த மணலை அள்ளுவது குறித்துக் கடலோர மக்களுக்குச் சுற்றுச்சூழல், உடல்நலக் கவலைகள் இருக்கின்றன. அவை தட்டிக்கழிக்கக்கூடியவை இல்லை. இவ்வளவு விலை கொடுத்து எடுக்கும் மணலிலிருந்து காந்தம் வரை போகும் இடைப்பட்ட படிகளை நாம் பெரிய அளவில் கட்டவே இல்லை. மூலப்பொருள் வீட்டு வாசலில் இருந்தும் பாகத்துக்கு அயல்நாட்டைச் சார்ந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உள்நாட்டில் உருவாக்குவது அதன் இலக்கு. ஆனாலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனத்த வகைகள் நம் கடற்கரை மணலில் மிகக் குறைவு. சார்பு குறையும், தீராது.

பங்கு வாங்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய பங்கு வெளியிடும் நிறுவனத்தின் விவரக் குறிப்பில் ஆபத்துகள் என்ற பகுதியில், முதல் பத்துச் சப்ளையர்களிடம் எத்தனை சதவீதம் வாங்குகிறோம் என்று பட்டியல் கொடுப்பார்கள். அதைப் படியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அந்தப் பட்டியல் பண வரிசையில் இருக்கும். ஐந்து டாலர் வால்வு அந்தப் பத்தில் வராது. நீண்டகால ஒப்பந்தம் இருக்கிறதா, மாற்றுச் சப்ளையர் ஏற்கெனவே சோதனையில் தேறியிருக்கிறாரா, டைகள் யாருக்குச் சொந்தம், எந்த நாட்டிலிருந்து வருகிறது என்ற வரிகளைத் தேடுங்கள். எல்லா நிறுவனமும் எழுதும் பொதுவான எச்சரிக்கை வாக்கியங்கள் மட்டுமே இருந்தால், நிர்வாகம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆலை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பர்ச்சேஸ் பட்டியல் இப்போது விலை வரிசையில் இருக்கும். அதை ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு பாகத்துக்கும் தாங்கும் நாளையும் மீளும் நாளையும் எழுதி, வித்தியாசம் அதிகமானது மேலே வரும்படி அடுக்குங்கள். மேலே வரும் சப்ளையரிடம் நேரில் போய், அவர் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். விலை மலிவான பாகமாக இருந்தால் மூன்று மாத ஸ்டாக்கை வாங்கி வையுங்கள்; அதில் முடங்கும் பணம் சில நாள் லைன் நிற்பதன் நட்டத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அவருக்கு நீங்கள் தர வேண்டிய பில் ஏதாவது நிலுவையில் இருந்தால், கேள்வி கேட்கப் போகும் முன் அதைக் கொடுத்துவிடுங்கள்.